காந்தம் உடம்பில், பால்ரஸ் கைகாலில்: கழற்றி மாற்றும் பொம்மை செய்முறை

காந்தத்தில் ஒட்டும் பொம்மை செய்ய நினைக்கும் பெரும்பாலானவர்கள் முதலில் முகத்தை வரைகிறார்கள், அப்புறம் உடம்பு, கடைசியில்தான் மூட்டு. நான் சொல்லப்போவது நேர்மாறான வரிசை. முதலில் மூட்டை முடிவு செய்யுங்கள். எல்லா உறுப்புக்கும் ஒரே மூட்டு, ஒரே அளவு. அது அமைந்துவிட்டால் குத்துச்சண்டைக்காரனின் கையைக் கழற்றி மீனவர் தோளில் மாட்டலாம், கால்பந்து ஆடும் பெண்ணின் காலை இருவருக்குமே கொடுக்கலாம்.

இந்த மூன்று உருவங்களைத்தான் நான் 3டி பிரிண்டரில் அச்சிட்டுச் செய்திருக்கிறேன். எல்லாம் நம் வடசென்னை ஆட்கள்: வியாசர்பாடியில் கால்பந்து, ராயபுரம் பக்கம் குத்துச்சண்டை, காசிமேட்டில் வலை. கடையில் தொங்கும் பொம்மைகளில் இவர்கள் கிடைக்கமாட்டார்கள், அதனால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

மூட்டு: காந்தத்துக்கு எதிரே காந்தம் வேண்டாம்

வழக்கமான யோசனை, உடம்பில் ஒரு காந்தம், கையில் ஒரு காந்தம். இதில்தான் ஆரம்பக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வடக்கும் தெற்கும் சேர்ந்தால் ஒட்டும், ஒரே துருவம் எதிரெதிரே வந்தால் தள்ளும். ஐந்து மூட்டில் பத்துக் காந்தம். அதில் ஒன்று திரும்பி ஒட்டப்பட்டாலும் அந்த உறுப்பு வீண். அரால்டைட் பசை இறுகிய பிறகு அதை எடுக்க பொம்மையை உடைக்க வேண்டும். இதற்கு ஒரு விதி உண்டு: எல்லா உடம்பிலும் வடக்கு வெளியே பார்க்க வேண்டும், எல்லா உறுப்பிலும் தெற்கு வெளியே பார்க்க வேண்டும். காந்தங்களை அடுக்காக வைத்து, மேலே இருப்பதன் முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றினால் குழப்பம் வராது. இது வேலை செய்யும். ஆனாலும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நான் சொல்வது: காந்தம் உடம்பில் மட்டும். கை, கால், தலை மூன்றிலும் சைக்கிள் பால்ரஸ் குண்டு. இரும்புக்குத் துருவக் கவலை கிடையாது, காந்தத்தின் எந்த முகத்திலும் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தின் எண்ணிக்கை பாதியாகக் குறையும். குண்டு உருண்டை என்பதால் கை எந்தப் பக்கமும் திரும்பும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கழன்று கீழே விழும் சின்ன உறுப்புகளில் காந்தமே இருக்காது. இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே நான் வேறு முறைக்குப் போவதில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

காந்த மூட்டு புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1970களின் நடுவிலேயே மாக்னெமோ என்ற பெயரில் இப்படிப் பொம்மைகளை விற்றது. அமெரிக்காவில் மீகோ நிறுவனம் 1976 முதல் விற்ற மைக்ரோநாட்ஸ் வரிசையில், வில்லனின் மேல் உடம்பைக் குதிரையின் உடம்போடு சேர்த்து ஒரே உருவமாக்கலாம். இன்று நாம் வாங்கும் மிகப் பலமான நியோடிமியம் காந்தம் அப்போது கிடையாது, அது 1980களில்தான் வந்தது. அதனால் இன்னும் சின்ன காந்தத்திலேயே நமக்கு வேலை முடிந்துவிடும்.

வாங்க வேண்டியவை

நியோடிமியம் வட்டக் காந்தம், 8 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன், என்35 தரம். ஒரு உடம்புக்கு ஐந்து. இன்னும் பலமான என்52 வாங்கத் தோன்றும், வேண்டாம். கையைக் கழற்றவே குழந்தை சிரமப்படும்.

கால் இன்ச் பால்ரஸ், அதாவது 6.35 மி.மீ. சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் போடுவது. முன் சக்கரத்துடையது சிறியது, நமக்கு ஆகாது. தெருமுனை சைக்கிள் கடையில் கேட்டாலே கிடைக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் போங்கள், லிங்கிச் செட்டித் தெருவில் விசாரிக்கலாம். பழைய குண்டு எடுக்காதீர்கள், தேய்ந்து அளவு மாறியிருக்கும்.

அரால்டைட், ஃபெவிக்விக், உப்புத்தாள், ஒரு பலூன், ஐஸ்கிரீம் குச்சி. அப்புறம் டிஜிட்டல் வெர்னியர். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்கேல் வைத்து அளந்தால் இந்த வேலை நடக்காது.

கம்ப்யூட்டரில் 3டி வடிவம் வரைவதற்கு டிங்கர்கேட் மென்பொருள் போதும். இலவசம், பிரவுசரிலேயே ஓடும். ஃபிரீகேட் கற்றுக்கொள்ள எனக்குப் பிடிக்கும், ஆனால் முதல் பொம்மைக்கு அது தேவையில்லை. வீட்டில் 3டி பிரிண்டர் இல்லையென்றால் வரைந்ததை எஸ்டிஎல் என்ற 3டி வடிவக் கோப்பாகச் சேமித்துக் கொடுத்தால் அச்சிட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 3டி பிரிண்டரோடு அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

முதல் அச்சு பொம்மை அல்ல, ஓட்டைப் பலகை

ஒவ்வொரு பிரிண்டரும் ஓட்டையைக் கொஞ்சம் சிறிதாக்கித்தான் அச்சிடும். எவ்வளவு சிறிது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அதனால் ஒரு சின்னப் பலகையில் 8.0, 8.1, 8.2, 8.3, 8.4 என்று ஓட்டைகள் வரைந்து அச்சிடுங்கள். பக்கத்தில் 6.4, 6.5, 6.6, 6.7. காந்தமும் குண்டும் விரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், கவிழ்த்தால் விழக்கூடாது. அந்த எண்தான் உங்கள் எண். கீழே நான் எழுதும் 8.2, 6.5 இரண்டும் என் பிரிண்டருக்கானவை. உங்களுடையதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

உடம்பு

அகலம் 34, உயரம் 40, தடிமன் 20 மி.மீ. இதை முன்பாதி, பின்பாதி என்று 10 மி.மீ. தடிமனில் இரண்டாகப் பிளக்க வேண்டும். காந்தம் உள்ளிருந்துதான் போகும். மூடி ஒட்டிய பிறகு வெளியிலிருந்து அதை எடுக்கவே முடியாது.

வெளியிலிருந்து குழி போட்டு காந்தத்தை ஒட்டினால், ஒவ்வொரு முறை கையைப் பிடுங்கும்போதும் அந்த ஒட்டைத்தான் இழுக்கிறோம். என்றாவது ஒருநாள் காந்தம் கையோடு வந்துவிடும். உள்ளே வைத்தால் அந்த இழுப்பைச் சுவர் தாங்கும்.

இனி அளவு. தோள் பக்கச் சுவரின் தடிமன் 1 மி.மீ. அதில் 5 மி.மீ. விட்டத்தில் ஒரு ஓட்டை. சுவருக்குப் பின்னால் காந்தத்துக்கு 8.2 விட்டம், 3.3 ஆழத்தில் அறை. காந்தம் 8, ஓட்டை 5, ஆகவே காந்தம் வெளியே வர வழியில்லை. ஆனால் குண்டு உருண்டை அல்லவா, அது 5 மி.மீ. ஓட்டைக்குள் 1.2 மி.மீ. வரை இறங்கும். சுவர் 1 மி.மீ. தான். எனவே குண்டு நேராகக் காந்தத்தைத் தொட்டுவிடும். காந்தத்தின் பிடி தூரம் கூடக்கூட மளமளவென்று குறையும், அரை மி.மீ. பிளாஸ்டிக் நடுவில் வந்தாலே கை தளர்ந்து தொங்கும். இந்த ஓட்டை அந்த இடைவெளியை இல்லாமல் செய்கிறது.

இதே அமைப்பு கழுத்துக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, இடுப்புக்குக் கீழே இரண்டு. இடுப்புக் காந்தங்களின் மையங்களுக்கு நடுவே 16 மி.மீ. விடுங்கள். அந்த இரண்டில் மட்டும் ஒன்றின் வடக்கும் மற்றதன் தெற்கும் கீழே பார்க்கட்டும். ஒரே துருவமாக வைத்தால் குண்டுகள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளி, கால்கள் அகலப் பார்க்கும்.

கை, கால், தலை

உருவம் உங்கள் விருப்பம். கை 36, கால் 42, தலை 24 மி.மீ. எனக்குப் பொருந்தியது. மூட்டுப் பக்கம் மட்டும் என் சொல்படி இருக்கட்டும்: 6.5 விட்டம், 3.85 ஆழம். குண்டு பாதிக்கு மேல் உள்ளே போய், 2.5 மி.மீ. வெளியே நிற்கும். உறுப்பின் நுனியைக் கூம்பாகக் குறுக்கி 8.5 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். தடியாக விட்டால் கையைத் தூக்கும்போது அது தோளில் இடித்து காந்தத்திலிருந்து நெம்பிக்கொண்டு வந்துவிடும்.

கையுறை, வலை, கோல்கீப்பர் கை எல்லாவற்றையும் தனித்தனி முழுக் கையாகவே வரையுங்கள். மணிக்கட்டில் இன்னொரு மூட்டு வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது வந்தால் கையிலும் காந்தம் வந்துவிடும்.

ஒட்டுவது

பால்ரஸில் கிரீஸ் இருக்கும். தின்னரில் துடைத்து, உப்புத்தாளில் நன்றாக உரசுங்கள். குழியில் அரால்டைட் கொஞ்சம் விட்டு, குண்டை அழுத்தி, வழிந்ததைக் குச்சியால் வழித்து குண்டின் அரைக்கு மேலே ஒரு வளையமாக ஏற்றிவிடுங்கள். அது இறுகும்போது குண்டைப் பூட்டிக்கொள்ளும். இதற்கு ஃபெவிக்விக் போடாதீர்கள், கீழே விழும் அதிர்ச்சியில் பட்டென்று விட்டுவிடும். ஒரு நாள் முழுக்க ஆறவிடுங்கள்.

உடம்பின் பின்பாதியில் காந்தங்களை ஒவ்வொன்றாக வையுங்கள். ஒன்றுக்கு ஒரு சொட்டு ஃபெவிக்விக், அது பிடித்த பிறகு அடுத்தது. அவசரப்பட்டால் பக்கத்துக் காந்தம் தாவி வந்து மோதும், நியோடிமியம் பீங்கான் போல நொறுங்கும். இரும்புச் சாமணம் வேண்டாம், ஐஸ்கிரீம் குச்சியே நல்லது. ஹாட் க்ளூவும் வேண்டாம். சாதாரண என் தரக் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் சக்தியை இழக்க ஆரம்பிக்கும். ஐந்தும் பிடித்த பிறகு முன்பாதியை அரால்டைட்டால் மூடி, ரப்பர் பேண்டு சுற்றி வைத்துவிடுங்கள்.

ஆறிய பின் சோதனை. ஒவ்வொரு குண்டையும் குறடால் பிடித்து முழு பலத்தோடு இழுங்கள். மேசை உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் பலமுறை போடுங்கள். உடம்பில் விரிசல் தெரிந்தால் அதைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

இதைப் படிக்காமல் செய்யாதீர்கள்

ஒரு குழந்தை ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கிவிட்டால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டே ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடல் சுவரை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். ஆரம்பத்தில் வெறும் வயிற்றுவலி போலத்தான் தெரியும். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கும் விஷயம் இது இல்லை. சந்தேகம் வந்த உடனே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ ஓடுங்கள், காந்தம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பன்னாட்டுப் பொம்மைத் தரங்களில் காந்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. காந்தப் புலத்தைக் கிலோகாஸில் அளந்து, அதன் வர்க்கத்தைக் காந்த முகத்தின் பரப்பால் (சதுர மி.மீ.) பெருக்க வேண்டும். விழுங்கும் அளவிலான காந்தத்துக்கு அந்த விடை 50க்குக் கீழே இருக்க வேண்டும். நாம் போடும் 8க்கு 3 காந்தத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 500 வருகிறது. வெளியே வந்தால் அது ஆபத்து, அவ்வளவுதான். அதனால்தான் மூடிய உடம்பு, அதனால்தான் கையில் பால்ரஸ்.

சின்ன உறுப்புகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு உருளையைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். நம் பொம்மையின் தலையும் கையும் அதில் அடங்கும். ஆகவே அந்த வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இது வேண்டாம். என் கணக்கில் 8 வயதுக்கு மேல்தான்.

விற்க நினைப்பவர்களுக்கு: பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வீட்டுக்கும் உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் செய்வது வேறு, கடை போடுவது வேறு.

படித்துச் செய்தவர்கள் கேட்டவை

குண்டு காந்தத்தில் ஒட்டவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். துருப்பிடிக்காது என்று 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டு வாங்கியிருக்கிறார். அதைக் காந்தம் இழுக்காது. வாங்கும்போதே பையில் ஒரு காந்தத்தோடு போங்கள். சைக்கிள் குண்டில் துரு வரும் என்பது உண்மைதான், கடல் காற்று இருக்கும் நம் பக்கம் சீக்கிரமே வரும். மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

தூக்கிய கை வழுக்கி இறங்குகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பலூன் இதற்குத்தான். சின்ன வட்டமாக வெட்டி, மூடுவதற்கு முன் காந்தத்துக்கும் ஓட்டைச் சுவருக்கும் நடுவில் வையுங்கள். அறையின் ஆழத்தை 3.3 என்று சொன்னது அந்த ரப்பரையும் சேர்த்துத்தான். குண்டு வழுக்காது, காந்தத்தின் நிக்கல் பூச்சும் உரசித் தேயாது. குத்துச்சண்டைக்காரனின் கையுறைக் கை கனமானது. அதை அச்சிடும்போது உள்நிரப்பை, அதாவது உள்ளே நிரம்பும் பிளாஸ்டிக்கை, 10 சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

இடுப்பும் திரும்ப வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: உடம்பை மார்பு, இடுப்பு என்று இரண்டாக்குங்கள். மார்பின் அடியில் காந்தம், இடுப்பின் தலையில் குண்டு. அந்தக் குண்டுக்கும் கால் காந்தங்களுக்கும் நடுவில் 10 மி.மீ.யாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் குண்டே காந்தம் போல நடந்துகொண்டு கால்களின் பிடியைக் குழப்பும்.

மே மாதத்தில் கார் கண்ணாடிக்குப் பின்னாலோ மொட்டை மாடியிலோ பொம்மையை விட்டுவிடாதீர்கள். அச்சிடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகும். சுவர் 1 மி.மீ. இருக்கும் தோள்தான் முதலில் வளையும், வளைந்த தோளில் காந்தம் பத்திரமாக இருக்கிறது என்று நம்ப முடியாது. அந்த உடம்பை மட்டும் புதிதாக அச்சிடுங்கள், கை கால் தலை நிமிர்ந்தே இருந்தால் அப்படியே அதில் மாட்டிக்கொள்ளலாம்.