பணியில் உயிரிழந்த தீயணைப்பு வீரரின் குடும்பம் அமெரிக்க மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அமெரிக்காவில் காவலரோ தீயணைப்பு வீரரோ மீட்புப் பணியாளரோ கடமையின்போது உயிரிழந்தால், அவருடைய குடும்பத்துக்கு மத்திய அரசு ஒரே தவணையில் ஒரு தொகையை வழங்குகிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 50,000 டாலராகத் தொடங்கிய இத்திட்டம் பி.எஸ்.ஓ.பி. (பொதுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கான உதவித்திட்டம்) என்று அழைக்கப்படுகிறது; அதனை மத்திய அரசின் நீதி அமைச்சகம் நடத்துகிறது. தொகை ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று விலைவாசிக்கு ஏற்பத் திருத்தப்படும். 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை நிகழ்ந்த மரணங்களுக்கு அது 4,48,575 டாலர். இதற்கு மத்திய வருமான வரி கிடையாது.

படி 1: தகுதியை உறுதி செய்யுங்கள்

ஊதியம் பெறாத தன்னார்வத் தீயணைப்பு வீரர்களும், அவர்களுடைய படை சட்டப்படி அமைந்ததாக இருந்தால், இத்திட்டத்துக்குள் வருவார்கள். "சம்பளமே வாங்காதவருக்கு அரசு என்ன தரப்போகிறது" என்று எண்ணி எந்தக் குடும்பமும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது.

படி 2: யாருக்கு உரியது என்று பாருங்கள்

மனைவி அல்லது கணவரும் பிள்ளைகளும் இருந்தால் பாதித் தொகை துணைக்கும், மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் பிரியும். பிள்ளைகள் இல்லையெனில் முழுவதும் துணைக்கே. இருவருமே இல்லாதபோது, இறந்தவர் எழுதி வைத்த பயனாளி நியமனமும் அவருடைய ஆயுள் காப்பீட்டில் உள்ள பெயரும் கவனிக்கப்படும். அதன் பிறகே பெற்றோர்.

படி 3: சான்றுகளைத் திரட்டுங்கள்

இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், முந்தைய மணமுறிவு இருந்தால் அதன் ஆணை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவை தேவைப்படும்.

படி 4: நிகழ்ந்ததை எழுத்தில் பதியச் செய்யுங்கள்

விண்ணப்பத்துக்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்றைக் குடும்பம் நிரப்பும்; மற்றொன்றான மரண அறிக்கையை, அவர் பணிபுரிந்த துறை அனுப்ப வேண்டும். துயரத்தில் இருக்கும் குடும்பம் தன் பகுதியை முடித்துவிட்டு, துறையின் அறிக்கையும் போயிருக்கும் என்று நம்பி இருந்துவிடுவது இயல்பு. ஆகவே துறையில் இதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டு, அறிக்கை அனுப்பப்பட்ட நாளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாரடைப்பாலோ பக்கவாதத்தாலோ நேர்ந்த மரணத்தில் இந்த அறிக்கையே முடிவைத் தீர்மானிக்கும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வழக்கத்துக்கு மாறான, உடலையோ மனத்தையோ கடுமையாக வருத்தும் பணியில் ஈடுபட்டிருந்தபோதோ, அதன்பின் பணியில் இருக்கும்போதோ, அப்பணி முடிந்த 24 மணி நேரத்துக்குள்ளோ அது ஏற்பட்டிருந்தால், கடமையால் நேர்ந்த மரணமாகவே கருதப்படும். எழுத்து வேலையும் நிர்வாக வேலையும் இந்தக் கணக்கில் சேரா. "தீயணைக்கச் சென்று திரும்பினார்" என்ற ஒற்றை வரி அறிக்கை போதாது. அழைப்பு வந்த நேரம், அவர் அணிந்திருந்த கவச உடை, தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு எத்தனை மாடி ஏறினார், நெஞ்சு வலிப்பதாக யாரிடம் எப்போது சொன்னார் என்பவை அதில் இருக்க வேண்டும். உடன் பணியாற்றியவர்களின் நினைவு மங்குவதற்குள் அவர்களுடைய வாக்குமூலங்களை வாங்கித் தருமாறு துறையிடம் தயங்காமல் கேளுங்கள்.

படி 5: இணையத்தில் பதிவு செய்யுங்கள்

பொதுவாக மரண நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவங்களை நிரப்ப, தீயணைப்பு வீரர்களின் குடும்பங்களுக்கு நேஷனல் ஃபாலன் ஃபயர்ஃபைட்டர்ஸ் ஃபவுண்டேஷனும், காவலர் குடும்பங்களுக்கு கன்சர்ன்ஸ் ஆஃப் போலீஸ் சர்வைவர்ஸ் அமைப்பும் துணை நிற்கின்றன. மாநில அரசின் இழப்பீடு, ஓய்வூதியம், சமூகப் பாதுகாப்புத் தொகை ஆகியவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றைக் கேட்டதால் மற்றவை தாமாக வந்து சேரா. துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி உதவியும் இதே திட்டத்தில் உண்டு.

படி 6: மறுக்கப்பட்டால்

மறுப்புக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 33 நாட்களுக்குள், விசாரணை அலுவலர் முன் மறு ஆய்வு கோரலாம். அங்கு புதிய சான்றுகளையும் சாட்சிகளையும் முன்வைக்க முடியும் என்பதால், கடிதத்தில் எந்தச் சான்று போதவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார்களோ, அதைத் தேடுவதிலிருந்தே தொடங்குங்கள்.