நாணல் படுகை அடைத்துக்கொண்டபோது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் தோட்டத்தை ஒட்டி, உம்ஹ்லதுசானா ஆற்றில் சேரும் ஓடை ஒன்று போகிறது. சாக்கடை கலந்த தண்ணீர். நாணல் நட்ட சரளைக்கல் படுகை வழியே விட்டுத்தான் அதைத் தோட்டத்துக்கு எடுக்கிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் தண்ணீர் கல்லுக்குள் இறங்காமல் மேலேயே ஓடியது. கொசு வேறு.

தண்ணீர் நுழையும் பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். கல்லிடுக்கெல்லாம் கறுப்புக் களி, அழுகிய முட்டை வாடை. நடுப்பகுதிக் கல்லோ சுத்தமாக இருந்தது. அங்கே கைவைக்கவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்வதில் பெரும்பங்கு கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களுடையது. அவற்றைக் கலைத்தால் மறுபடி உருவாக மாதக்கணக்காகும். முன்பக்கக் கல்லை மட்டும் அள்ளிவிட்டுக் கைமுட்டி அளவுக் கற்களை நிரப்பினோம். தண்ணீர் படுகைக்குள் நுழைவதற்கு முன் தங்கிச் செல்ல, இரண்டு அறை வைத்த வண்டல் தொட்டி கட்டினோம். மண்ணும் குப்பையும் அங்கேயே தங்கிவிடும். தொட்டியைத் தூர்வாருவதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய வளைவு இணைப்பு (எல்போ) ஒன்றை மாட்டினோம். அதைச் சாய்த்தால் நீர்மட்டம் இறங்கும். கல்லின் மேல்மட்டத்துக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே தண்ணீர் நின்றால் போதும், கொசு முட்டையிட இடமிருக்காது.

நாற்றம் போய்விட்டது, தண்ணீரும் தெளிந்துவிட்டது. ஆனால் தெளிந்த தண்ணீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம். அதனால் வாழைக்கும் மாமரத்துக்கும் வேரில் மட்டும் பாய்ச்சுகிறோம். கொத்தமல்லிக்கும் கீரைக்கும் குழாய்த் தண்ணீர்தான்.