பவளப்பாறை மீட்பு: மீனவர்களோடு சேர்ந்து தொடங்குவது எப்படி?

மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கத்துக் கரை ஒன்றில் செய்து பார்த்ததை எழுதுகிறேன். பவளம் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் முறிந்த துண்டைக்கூட எடுக்கக் கூடாது. வனத்துறை அனுமதி, கூடவே ஒரு கடல் உயிரியலாளர், ஸ்கூபா தெரிந்தவர்கள் எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஊர்க்கூட்டம்

கிறிஸ்தவ ஊர் என்றால் ஞாயிறு, பூசை முடிந்ததும் வையுங்கள். அன்று தொழில் கிடையாது. பவளத்தின் பயன்களைச் சொல்லித் தொடங்காதீர்கள், விலாங்குசல்லித் தீவைப் பற்றிக் கேளுங்கள். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளக்கல் வெட்டி எடுத்ததில், காலப்போக்கில் கடலுக்குள் போன தீவு அது. பெரியவர்கள் தாமாகவே பேசுவார்கள். கல் எடுத்த குடும்பங்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், குற்றம் சாட்டும் தொனி மட்டும் வேண்டவே வேண்டாம்.

2. இடம் பார்ப்பது

நான் தவறியது இங்கேதான். ஆழம், தெளிவு, கெட்டியான தரை எல்லாம் பார்த்து, ஜிபிஎஸ் புள்ளி குறித்து, பவளத் துண்டுகளைக் கட்டி வளர்ப்பதற்கான சிமெண்ட் பலகைகளைக் கடலடியில் இறக்கிவிட்டோம். மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தால் பாதிப் பலகைகள் குப்புறக் கிடந்தன. அதற்குள் ஒருவருடைய வலையும் கிழிந்திருந்தது.

"தம்பி, நீங்க கல்லு வச்சது வலை போற பாதைல்லா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வலைக்குப் பணம் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு செய்தது இது. பெரிய சார்ட் தாளில் கரையையும் தீவுகளையும் மட்டும் வரையுங்கள். வலைக்காரர்களுக்கு ஒரு நிறப் பேனா, மீன் பிடிக்கக் கூடு வைப்பவர்களுக்கு இன்னொன்று, கடற்பாசி எடுக்கும் அக்காமார்களுக்கு வேறொன்று. அவரவர் போகும் வழியை அவர்களே போடட்டும். அக்காமார்களைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் அவர்கள் வாய் திறப்பதில்லை, ஆனால் ஆழம் குறைந்த பார்களை (கடலடிப் பாறைத் திட்டுகளை) அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் இல்லை. எந்த நிறமும் படாத பார்தான் உங்கள் இடம். கச்சான் காற்றில் (மேற்கிலிருந்து வீசும் காற்று) அங்கே தண்ணீர் கலங்குமா, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படகு நிறுத்த ஒரு மிதவை கட்டுங்கள். பார் மேல் நங்கூரம் போட்டால் மற்ற வேலையெல்லாம் வீண்.

3. துண்டு கட்டுவது

முறிந்து மணலில் கிடக்கும் உயிருள்ள மான்கொம்புப் பவளத்தை முதலில் எடுங்கள், விரல் நீளம் போதும். புதிய சிமெண்ட் பலகையைச் சில வாரம் நீரில் ஊறப்போடுங்கள். கட்டுவதற்கு இரும்புக் கம்பி வேண்டாம், துருப்பிடிக்கும். எனக்கு நைலான் கேபிள் டைதான். விரலால் தட்டினால் துண்டு துளியும் அசையக் கூடாது. அசைந்தால் கட்டின இடத்தில் சதை உரசிப்போய் பாசி ஏறிவிடும்.

தை, மாசியில் நடுங்கள். சித்திரையில் வேண்டாம். 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறி இங்கே பவளங்கள் வெளுத்துப்போயின.

4. பராமரிப்பு

மாதம் ஒருமுறை பழைய டூத்பிரஷ்ஷால் பலகையில் உள்ள பாசியைத் தேயுங்கள், பவளத்தைத் தொடாமல்.

பின்சேர்க்கை 1: கூட வரும் மீனவர்களுக்குக் கூலி எவ்வளவு என்று பலர் கேட்டிருந்தீர்கள். படகு வாடகையோடு, அன்று தொழிலுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் பங்கையும் கணக்கிடுங்கள். கரை ஏறியதும் கையில் கொடுங்கள். "பில் பாஸாகட்டும்" என்றால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள், வராததில் நியாயமும் உண்டு.

பின்சேர்க்கை 2: பாரில் சிக்கிய பழைய வலையைப் படகிலிருந்து இழுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது, பவளமும் சேர்ந்து பெயர்ந்து வரும். கீழே இறங்கிச் சிறு சிறு துண்டாக அறுத்து எடுங்கள். எடுத்ததைத் தூக்கி எறியாமல் கரைக்குக் கொண்டு வாருங்கள். எங்களோடு வந்த அண்ணாச்சி வலைக்கண்ணின் அளவைப் பார்த்தே எந்த ஊர் வலை என்று சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்தை அந்த ஊரில் வைத்தோம்.