பீட்டில் காரின் எஞ்சினை மாற்றும் முன்: இணையக் குறிப்பைச் சரிபார்ப்பது எப்படி?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சின் பின்புறம் இருக்கிறது. அதைக் கியர்பாக்ஸோடு பிணைத்திருப்பவை மேலே இரண்டு போல்ட்டுகள், கீழே இரண்டு நட்டுகள், ஆக நான்கே பிடிப்புகள். ‘அரை மணி நேர வேலை’ என்று சொல்லும் காணொளிகள் பெருகியதற்கு இந்த எளிமையே காரணம். கழற்றுவது உண்மையிலேயே சுலபம்தான். ஆனால் எந்த ஆண்டுக் காரிலிருந்து எடுத்த எஞ்சின், எந்த ஆண்டுக் காருக்குப் போகிறது என்பதைச் சொல்லாத குறிப்பை நம்பி இறங்கினால், திரும்ப மாட்டும்போது சிக்கிக்கொள்வீர்கள்.

படி 1: இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். செசி எண் (காரின் அடிச்சட்ட எண்) பின் இருக்கைக்கு அடியில், நடுவிலுள்ள மேட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எண்ணை ஜெனரேட்டர் தாங்கியின் அடிப்பகுதியில் பார்க்கலாம். அது ‘எஃப்’ என்று தொடங்கினால் எஞ்சினின் கொள்ளளவு 1285 சிசி, ‘எச்’ என்றால் 1493 சிசி, ‘ஏடி’ என்றால் 1584 சிசி. ஐம்பது ஆண்டுகளில் பலர் கைபட்ட எஞ்சினில் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்கலாம் என்பதால், இந்த எழுத்தை ஒரு துப்பாக மட்டுமே கொள்ளுங்கள்.

படி 2: ஃப்ளைவீலின், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான பற்சக்கரத்தின், பற்களை எண்ணுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுத் தொடங்கினால் கணக்குத் தவறாது. 6 வோல்ட் காரின் ஃப்ளைவீலில் 109 பற்கள், 12 வோல்ட் காரில் 130 பற்கள். 130 பற்களுள்ள பெரிய ஃப்ளைவீலை 6 வோல்ட் காரின் பழைய கியர்பாக்ஸ் கூட்டுக்குள் தள்ளினால் பற்கள் கூட்டின் உட்சுவரில் உரசும். கூட்டைத் தேய்த்து இடம் செய்ய வேண்டும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதற்கேற்ப மாற வேண்டும். அமெரிக்காவுக்குப் போன கார்கள் 1967 மாடலிலேயே 12 வோல்ட்டுக்கு மாறின. ஐரோப்பாவில் விற்ற சில மாடல்கள் அதற்குப் பிறகும் 6 வோல்ட்டிலேயே ஓடின. ஆகவே அமெரிக்கர் ஒருவர் ‘1967 என்றால் 12 வோல்ட்’ என்று எழுதினால், அவர் காரைப் பொறுத்தவரை அது சரி, உங்கள் காருக்குத் தவறாக இருக்கலாம்.

படி 3: கிளட்ச்சை ஒப்பிடுங்கள். 1971 மாடலிலிருந்து ரிலீஸ் பேரிங் (கிளட்ச்சை விடுவிக்க அழுத்தும் பேரிங்) ஒரு வழிகாட்டிக் குழாயின் மேல் நகர்கிறது. அதற்குரிய பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் தட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் தட்டின்) நடுவில் வளையம் கிடையாது. முந்தைய கியர்பாக்ஸில் குழாய் இல்லை, பிரஷர் பிளேட்டில் வளையம் உண்டு. இரண்டையும் கலந்து மாட்டக்கூடாது. பெரும்பாலான காணொளிகள் இதை ஒரு நொடிகூடக் காட்டுவதில்லை.

படி 4: அளவின் அலகைப் பாருங்கள். ஃப்ளைவீலைப் பிடிக்கும் 36 மி.மீ. நட்டுக்கு 217 அடி-பவுண்டு என்றும் 253 அடி-பவுண்டு என்றும் இரண்டு முறுக்குவிசை அளவுகள் புழக்கத்தில் உள்ளன. உங்கள் ஆண்டுக்குரிய கையேட்டில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து, எண்ணை மட்டும் எழுதி அலகை விட்டுவிடும் குறிப்புகளில் இருக்கிறது. 217 அடி-பவுண்டு என்பது ஏறக்குறைய 294 நியூட்டன் மீட்டர். அதே 217-ஐ நியூட்டன் மீட்டராக நினைத்து முறுக்கினால் நட்டுக்கு 160 அடி-பவுண்டுதான் கிடைக்கும், ஃப்ளைவீல் ஓட்டத்தில் தளர்ந்துவிடும்.

படி 5: கிராங்க் ஷாஃப்ட்டின் (எஞ்சினுள் சுழலும் முக்கியத் தண்டின்) முன்பின் அசைவை அளக்கக் குறிப்பு சொல்கிறதா? ஃப்ளைவீலை மாற்றினால் இந்த அசைவு 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் இருக்கும்படி மூன்று ஷிம்களை (மெல்லிய இடைவளையங்களை) தேர்ந்து போட வேண்டும். எண்ணிக்கை எப்போதும் மூன்றுதான், தடிமன் மட்டுமே மாறும். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) இல்லாமல் ‘கையால் ஆட்டிப் பார்த்தால் போதும்’ என்று எழுதியிருப்பவரின் மற்ற அறிவுரைகளையும் நான் ஒதுக்கிவிடுவேன்.

படி 6: பிரிக்கும் வரிசையைப் பாருங்கள். பேட்டரியின் எதிர் (நெகட்டிவ்) முனையைக் கழற்றுவதும் பெட்ரோல் குழாயை அடைப்பதும் ஜாக்கியைத் தொடும் முன்பே வர வேண்டும். எஞ்சின் ஏறத்தாழ 110 கிலோ. தனியாளாக இறக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

படி 7: காணொளியின் கடைசி நிமிடத்தைப் பாருங்கள். எஞ்சின் உறுமியதும் படம் முடிந்துவிடும். அந்தக் காட்சியில் எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும், எஞ்சின் அறையின் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டையும் மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று நிறுத்திப் பாருங்கள். காற்றால் குளிரும் இந்த எஞ்சினில், கீழே வெளியேறும் சூடான காற்று மறுபடி மின்விசிறிக்குள் ஏறாமல் தடுப்பவை அவைதாம். பட்டை வெடித்திருந்தால் எஞ்சினை ஏற்றும் முன்பே புதியது வாங்கிப் பொருத்துங்கள். ஏற்றிய பிறகு அந்த இடுக்கில் விரல் நுழையாது.