மிளகின் கூண்டில் என்ன விரிப்பது?

மிளகு எங்கள் வீட்டுச் சின்சில்லா, அடர்ந்த மென்முடி கொண்ட, கொறிக்கிற சிறு பிராணி. கருஞ்சாம்பல் நிறம். சுருண்டு உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் பெயர்க்காரணம் கேட்கத் தோன்றாது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், ஒரு படுக்கையறை அபார்ட்மெண்டில் நான்கு வருடமாக எங்களோடு இருக்கிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நாற்றம் வராதா?" என்பதுதான். சின்சில்லாவின் உடம்பில் நாற்றம் கிடையாது. மணல் குளியல் போடுகிற பிராணி அது. நாற்றம் வந்தால் கூண்டின் அடித்தட்டிலிருந்துதான் வரும்.

நான் முதலில் வாங்கியது சிடார் மரச்சீவல். 'நாற்றத்தை அடக்கும்' என்று பையில் போட்டிருந்தது. பிரித்தால் புது மரப்பெட்டியைத் திறந்தது போல அருமையான வாசனை. இரண்டாம் நாளே மிளகு தும்மத் தொடங்கினான், கண்ணோரம் ஈரம். மருத்துவர் அவனைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "கீழே என்ன போட்டிருக்கிறீர்கள்?" அந்த வாசனையைத் தருகிற எண்ணெய்களும் ஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்களும்தான் சின்சில்லாவின் மூச்சுக்குழாயை உறுத்துகின்றன; ஈரலுக்கும் ஆகாது. அன்றிலிருந்து வாசனை வருகிற எதையும் நான் வாங்குவதில்லை. லாவெண்டர் கலந்தது, வாசனைத் துகள் தூவியது எல்லாம் அதில் அடக்கம்.

மரச்சீவலே வேண்டும் என்றால் ஆஸ்பென் நல்லது. பைன் வாங்கினால், சூளையில் உலர்த்தியது என்று பையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சூட்டில் ஃபீனால்கள் பெரும்பாலும் போய்விடும். பச்சை பைன் கூடாது. பையைக் குலுக்கினால் தூசு பறந்தாலும் வேண்டாம்.

அடுத்தது, கூண்டில் எதைப் போட்டாலும் அதை அவன் தின்பான் என்று வைத்துக்கொண்டே யோசியுங்கள். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஈரம் பட்டால் கட்டியாகிற பூனை மணலை அதனால்தான் அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சோளத்தக்கைத் துகளும் வேண்டாம், அது பூஞ்சையும் பிடிக்கும். பஞ்சு கூடவே கூடாது. காகிதப் படுக்கையைத் தின்னாத சின்சில்லாக்கள் உண்டு, அவற்றுக்குப் போடலாம். மிளகு முதல் நாளே அதை மெல்லத் தொடங்கியதால் எடுத்துவிட்டேன்.

நாற்றத்துக்குக் காரணம் ஈரம். சிறுநீரில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றுகிறது. புழுக்கை நாறாது, நாளுக்கு நூற்றுக்கணக்கில் போட்டாலும் காய்ந்த மணிகள்தான், கூட்டி அள்ளினால் தீர்ந்தது. ஆகவே சிறுநீரை மட்டும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. நல்லவேளையாக, பெரும்பாலான சின்சில்லாக்கள் ஒரு மூலையைத் தாமாகவே பிடித்துக்கொள்ளும். எந்த மூலை என்று சில நாள் கவனியுங்கள். அப்புறம் அங்கே கேக் சுடும் கண்ணாடித் தட்டு ஒன்றை வையுங்கள். பிளாஸ்டிக் தட்டு என்றால் கொறித்துத் தள்ளிவிடும். தட்டில் குதிரை லாயத்துக்குப் போடுகிற பைன் பெல்லட்டை, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை, இரண்டு விரல் உயரத்துக்கு நிரப்புங்கள். ஈரம் பட்டதும் அது உப்பி மரத்தூளாக உதிரும். எங்கே நனைந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். அடுப்பெரிக்கிற பெல்லட் பார்வைக்கு இதே போல இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாததால் நான் தொடுவதில்லை.

கூண்டின் மற்ற தளங்களில் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைத் துணி விரிக்கிறேன். ஃப்ளீஸ் ஈரத்தைக் கீழே விட்டுவிடும், தான் பிடித்து வைக்காது. அதனால் அடியில் உறிஞ்சும் துணி ஒன்றை வைத்து, அவன் பல் எட்டாதபடி ஓரம் மடித்துத் தைத்திருக்கிறேன். தொங்குகிற நூல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. துவைக்க வாசனையில்லாத சோப்புத்தூளும் கொஞ்சம் வெள்ளை வினிகரும் போதும். துணி மென்மையாக்கி போட்டால் ஃப்ளீஸில் ஈரம் இறங்காது. துணியில் ஓட்டை போடத் தொடங்கினால் அதை எடுத்துவிட்டு மரச்சீவலுக்கே திரும்புங்கள்.

இங்கே குளிர்காலத்தில் காற்று வறண்டிருக்கும். தட்டை வாரத்துக்கு இரண்டு முறை மாற்றினால் போதும். ஜூலை வந்தால் புழுக்கம், ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுவேன். ஒரே மயிர்க்குழியிலிருந்து 50-க்கும் மேற்பட்ட முடி முளைக்கிற உடம்பு அது. ஈரம் புகுந்தால் சீக்கிரம் காயாது, பூஞ்சை பிடிக்கும். சூடு 25 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடுவதில்லை. திருச்சியிலிருந்து வந்த அம்மா, "எலிக்கு ஏசியா?" என்று கேட்டு ஒரு வாரம் சிரித்தாள்.

ஆனால் தட்டு நாறுகிறது என்று முதலில் சொன்னதும் அம்மாதான். எங்கள் மூக்குக்குப் பழகிவிட்டிருந்தது. இப்போதெல்லாம் வெளியே போய்விட்டு வந்ததும், காலணியைக் கழற்றிய கையோடு கூண்டின் முன் மண்டியிட்டு, அவன் படுக்கும் உயரத்தில் முகர்ந்து பார்க்கிறேன். மூக்கில் சுருக்கென்று ஏறினால் அன்றே தட்டைக் காலிசெய்து, படிந்திருக்கும் வெள்ளைக் கறையை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து தேய்த்துக் காயவைப்பேன். புதுப் பெல்லட்டோடு பழையதில் ஒரு கைப்பிடி கலந்துவிட வேண்டும். இல்லையென்றால் மிளகுக்குத் தன் மூலை எதுவென்று தெரியாமல், அன்றிரவு துவைத்து விரித்த ஃப்ளீஸ் மேல் போய்விடுவான்.