கண்ணாடி போட்டால்தான் பேட்டரி

ரோபோ போட்டி நடத்துகிறவர்கள் எல்லா டீமின் பேட்டரிகளையும் பெயர் ஒட்டி நடுவர் மேசையில் வாங்கி வைத்துவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய ஷூ, இறுகக் கட்டிய முடி மூன்றையும் பார்த்த பிறகு பேட்டரியைக் கொடுங்கள். ரவுண்டு முடிந்ததும் திரும்ப வாங்குங்கள்.

பேட்டரி இல்லாமல் சக்கரம் சுற்றாது. அதனால் "கண்ணாடி போடு தம்பி" என்று மைக்கில் கெஞ்ச வேண்டியதில்லை, பிள்ளைகள் தாங்களாகவே போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். சார்ஜ் போடுவதும் ஒரே இடத்தில், பெரியவர் கண் முன்னால் நடக்கும். ரோபோக்களில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம், அதைத் தாண்டினால் பேட்டரி உப்பிவிடும், தீயும் பிடிக்கலாம். காரைக்குடிப் பக்கம் வீடு கட்டி மிஞ்சிய ஆத்தங்குடித் தரைக்கல் கிடைக்காமலா போகும்? நாலு கல்லைப் பரப்பி அதன்மேல் வைத்துச் சார்ஜ் போடுங்கள். சிமெண்டும் மணலும் சேர்ந்தது, எரியாது. பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். தலையணை மாதிரி உப்பிய பேட்டரியை யார் கேட்டாலும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

பேட்டரி உள்ளேயே பொருத்திய ரோபோக்களுக்கு இது உதவாது, ரோபோவையே வாங்கி வைக்க வேண்டியதுதான். இழுத்து மாட்டிய ஸ்பிரிங்கும் காற்றழுத்த சிலிண்டரும் பேட்டரியைக் கழற்றிய பிறகும் பாயும். அவற்றைத் தளர்த்தச் சொல்லி நேரில் பாருங்கள். அப்புறம், சால்டரிங் அயர்ன், ட்ரில் எல்லாம் பேட்டரியில் அல்ல, பிளக்கில் சொருகி கரண்டில் ஓடுபவை. அதனால் அவற்றுக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.