அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியின் பதற்றத்தை மருந்தின்றித் தணிப்பது எப்படி

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரிடம் எல்லோரும் சொல்வது 'பயப்படாதீங்க' என்பதுதான். அன்போடு சொன்னாலும் அது பெரும்பாலும் பயனளிப்பதில்லை. அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்காமலே சொல்லப்படுவதால், அவர் தம் அச்சத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறார். வார்டில் பணிபுரியும் செவிலியரும் பயிற்சி மருத்துவரும், நோயாளியோடு தங்கியிருக்கும் உறவினரும் ஊசி மாத்திரை இல்லாமலே செய்யக்கூடியவை பல உண்டு. அவற்றுள் முதலில் செய்ய வேண்டியது கேட்பது.

பதற்றம் கூடும்போது உடலில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் மிகுந்து, நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. அறுவை அரங்கின் (தியேட்டர்) வாசலில் இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்ததால் அறுவை தள்ளிப்போவதும் உண்டு. மிகுந்த பதற்றத்தோடு உள்ளே செல்வோர் பின்னர் கூடுதலான வலியைச் சொல்கிறார்கள் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே இந்தப் பணியை நேரம் கிடைத்தால் செய்யும் உபசாரமாகக் கருதாமல், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

முந்தின நாள் மாலை, உறவினர் கூட்டம் குறைந்த பிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்து, 'எதை நினைத்தால் உங்களுக்கு அதிகம் கவலையாக இருக்கிறது?' என்று கேளுங்கள். விடை பலமுறை அறுவையைப் பற்றியதாகவே இருக்காது. வீட்டில் விட்டுவந்த பிள்ளையை யார் பார்ப்பார்கள், காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்புதல் வந்துவிட்டதா, ஆண்கள் நடுவே உடை விலகுமா, கண் விழிக்காமலே போய்விடுவோமா என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். ஒப்புதல் கடிதம் வந்துவிட்டதைக் காட்டினாலே நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது வீண்.

பேச்சு வராதவர்களுக்கு ஓர் அளவுகோல் உதவும். 1996-இல் நெதர்லாந்தில் உருவாக்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் அளவுகோலில் 6 கூற்றுகளே உள்ளன. மயக்க மருந்து பற்றிய கவலை, அந்த நினைவு ஓயாமல் வருவது, அதைப் பற்றி அறியும் விருப்பம் என்று மூன்று. அதே மூன்று அறுவையைப் பற்றியும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கவலை பற்றிய நான்கின் கூட்டுத்தொகை 11 அல்லது அதற்கு மேல் சென்றால் அவரைத் தனியே கவனிக்க வேண்டும். அறியும் விருப்பத்தைத் தனியாக அளப்பதே இதன் சிறப்பு என்று நான் கருதுகிறேன். எல்லாவற்றையும் கேட்டறிந்தால் அமைதியடைபவர்களும் உண்டு, விவரம் கூடக்கூடக் கலங்குபவர்களும் உண்டு; இருவருக்கும் ஒரே விளக்கத்தை ஒப்பித்துவிட்டு நகர்வது முறையன்று.

தமிழ்நாட்டு வார்டுகளில் அடிக்கடி கேட்கும் அச்சம், சிசேரியன் போன்ற அறுவைகளில் உடலின் கீழ்ப்பகுதி மரத்துப்போக முதுகில் ஊசி போட்டால் காலமெல்லாம் முதுகுவலி நிற்கும் என்பது. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம்; ஆனால் நீண்டகால முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்பது நிறுவப்படவில்லை. கருவுற்ற காலத்திலும் பேறுக்குப் பின்னரும் முதுகுவலி பரவலாக வருவதால், பழி ஊசியின் மேல் விழுகிறது. பாதியில் விழிப்பு வந்துவிடுமோ என்பது இன்னோர் அச்சம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவரே அவ்வாறு விழித்ததாகத் தெரிவித்திருந்தார். எண் பிடிக்காதவரிடம், மயக்க மருத்துவர் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவதில்லை, அறுவை முடியும்வரை தலைமாட்டிலேயே இருந்து மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருப்பார் என்று சொன்னால் போதும். இது பலருக்குத் தெரியாத செய்தி.

நடக்கப்போவதை விளக்கும்போது, மருத்துவர் செய்வதை விட நோயாளி உணரப்போவதை வரிசையாகச் சொல்லுங்கள். அறை குளிராக இருக்கும், விளக்கு கூசும், கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை இறுகித் தளரும், முகத்தருகே மாஸ்க் வரும், விழித்ததும் தொண்டை கரகரக்கலாம். வலி இருக்கும் என்பதை மறைக்காமல், எங்கே இருக்கும், எப்படிக் குறைப்போம், அவர் தாமே என்ன செய்யலாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வயிற்று அறுவை செய்துகொண்ட 97 பேரை வைத்து எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் உடனிருந்தோரும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு விளக்கமும் தசை தளர்த்தும் முறையும் பெற்றவர்களுக்கு வலிநீக்கும் அபின் வகை மருந்தின் தேவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். ஊசி போடும்போது 'எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்று சொல்வது நம்மிடையே பழகிப்போன ஆறுதல். பிரசவத்துக்கு வந்த 140 பெண்களிடம் மரப்பு ஊசி போடும்போது, ஒரு பிரிவினரிடம் பெரிய தேனீ கொட்டுவது போல் இருக்கும், இதுதான் மிகவும் மோசமான கட்டம் என்றும், மற்றப் பிரிவினரிடம் இந்த இடம் மரத்துப்போய் நீங்கள் வசதியாக இருப்பீர்கள் என்றும் சொல்லிப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஊசி ஒன்றே ஆனாலும், தேனீயைக் கேட்டவர்களே கூடுதல் வலியைச் சொன்னார்கள். எனவே கடி, கொட்டு, எரிச்சல் போன்றவற்றைத் தவிர்த்து, 'இந்த இடத்தை மரத்துப்போகச் செய்கிறேன்' என்று சொல்லிப் பழகுங்கள். உறவினரும், தமக்குத் தெரிந்தவருக்கு அறுவையில் நேர்ந்த கோளாறுகளைக் கட்டிலருகே பேசாமல் இருப்பது மிகப் பெரிய உதவி.

காலையில் தாலி, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லும்போது பல பெண்களின் முகம் வாடிப்போகிறது. இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படும் மின்கருவியால் உலோகம் பட்ட இடத்தில் தீப்புண் ஏற்படலாம் என்ற காரணத்தை முந்தின நாளே சொல்லி, மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ள மருத்துவக் குழு அனுமதிக்குமா என்று கேட்டு வைத்தால், அந்த நேரத்துக் கண்ணீரைத் தவிர்க்கலாம். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் முடிந்தவரை கடைசியில் வாங்குங்கள். பார்வையும் கேள்வியும் மங்கிய முதியவருக்கு அரங்கு பேரச்சம் தரும். உள்ளே மூன்று பேர் அடுத்தடுத்து வந்து பெயரையும் அறுவை செய்யும் பக்கத்தையும் கேட்பார்கள், அது பாதுகாப்புக்காகச் செய்யும் சரிபார்ப்பு, உங்களைப் பற்றித் தெரியாததால் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டினியும் பதற்றத்தைக் கூட்டும். திட உணவுக்கு 6 மணி நேரமும் தெளிந்த நீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி என்பதே பொதுவான வழிகாட்டல் என்பதால், நள்ளிரவிலிருந்து தண்ணீரும் கூடாது என்று எழுதியிருந்தால், மயக்க மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவு பெறுங்கள். நாமாகக் கொடுத்துவிடக் கூடாது.

மூச்சுப் பயிற்சியை முந்தின நாளே பழக்க வேண்டும்; ஸ்ட்ரெச்சரில் ஏறிய பின் கற்பிக்க முடியாது. மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடச் சொல்லுங்கள்; நிமிடத்துக்கு 6 மூச்சு ஆகும். ஐந்து நிமிடம் செய்தால் போதும். தலை சுற்றினால் நிறுத்தி இயல்பாக மூச்சுவிடச் செய்ய வேண்டும். மூச்சுத் திணறல் உள்ளவரை வற்புறுத்த வேண்டாம்.

இசைக்கு நல்ல சான்று இருக்கிறது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 2,051 பேர் பங்கேற்ற 26 சோதனைகளை ஆராய்ந்து, அறுவைக்கு முன் இசை கேட்டவர்களிடம் பதற்றம் குறைந்ததாகக் கண்டது. பாட்டை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். பக்திப் பாடலோ நாதஸ்வரமோ பழைய திரையிசையோ, அவருக்குப் பிடித்ததை அவருடைய செல்போனில் முந்தின இரவே சேர்த்து வையுங்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன் இருந்தால், பெயர் சொல்லி அழைக்கும்போது திடுக்கிட மாட்டார்.

குழந்தைகள் விஷயம் வேறு. பெற்றோர் உள்ளே வந்து உடனிருந்தால் குழந்தை அமைதியாகிவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு, 2015-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு ஆதரவு தரவில்லை. கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம், கோமாளி வேடமிட்டோரின் துணை போன்றவை நம்பிக்கை தருவனவாக இருந்தன. மாஸ்க்கை முதல் நாளே கையில் கொடுத்துப் பொம்மைக்குப் போட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ஊசியே கிடையாது என்று மட்டும் பொய் சொல்ல வேண்டாம். அடுத்த முறை அந்தக் குழந்தை யாரையும் நம்பாது.

இவ்வளவுக்குப் பின்னும் நடுக்கம் தணியாமலிருந்தால், அல்லது முன்பு மயக்கத்தில் கசப்பான அனுபவமோ பீதி நோயோ இருந்தால், அதை முந்தின நாளே மயக்க மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்து தேவைப்படுவோருக்கு மருந்து கொடுப்பதே சரி. 'எனக்கு இந்த ஆப்பரேஷன் வேண்டாம்' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அதைப் பயத்தின் பேச்சு என்று ஒதுக்கி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகாமல், அங்கேயே நிறுத்தி அறுவை மருத்துவரை அழைத்துப் பேச வைக்க வேண்டும்.